நகல் என்னும் வசை: மாதிரிக் கார்களை முன்வைத்து

இலக்கியம் வாசிப்பவர்களிடையே பொழுதுபோக்குகளுக்கும் ஒரு வரிசைமுறை உண்டு. பழைய பதிப்புகளைத் தேடிச் சேர்ப்பது, அரிய இசைத்தட்டுகளைத் திரட்டுவது, பறவைகளை நோக்குவது போன்றவை அவ்வரிசையின் மேற்படிகளில் இருக்கின்றன. பிளாஸ்டிக் உறுப்புகளை வெட்டி, தேய்த்து, ஒட்டி, வண்ணம் பூசி, ஒரு சாண் நீளத்தில் ஒரு காரை உருவாக்குவது கடைசிப் படியில்கூட இல்லை. இந்த வேலையைச் செய்கிறோம் என்று சொன்னால் முதலில் ஒரு புன்னகை கிடைக்கும். அடுத்து, வீட்டில் குழந்தைகளுக்கா என்ற விசாரிப்பு. எங்களுக்காகத்தான் என்று தெரிந்த பிறகு, விசாரிப்பவர் கொஞ்சம் கோட்பாட்டுப் பயிற்சி உடையவராக இருந்தால், தீர்ப்பும் வந்துவிடும்: எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் அது நகல்தானே, படைப்பு ஆகாதே.

இத்தீர்ப்பை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஆனால் அதை மட்டும் மறுத்தால் பாதி வேலைதான் முடியும். இதே தீர்ப்பு முற்றிலும் வேறொரு முகாமிலிருந்தும் வருகிறது. மாதிரிக் கார்களையே மூச்சாகக் கொண்ட ஒரு சாரார் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இவர்களுக்கு 'ரிவெட் எண்ணுபவர்கள்' என்று பட்டப்பெயர். 1957-ஆம் ஆண்டுக் காரில் 1958-ஆம் ஆண்டின் சக்கர மூடி பொருத்தப்பட்டிருந்தால், மற்ற எதையும் பாராமல் அந்த மாதிரியை நிராகரித்துவிடுவார்கள். இலக்கிய நண்பர், நகல் என்பதால் அது தாழ்ந்தது என்கிறார். ரிவெட் எண்ணுபவர், நகல் என்பதால் அது இம்மியும் பிசகக் கூடாது என்கிறார். எதிரெதிர்த் திசைகளில் முகம் திருப்பிக்கொண்டிருந்தாலும் இருவரும் நிற்பது ஒரே திண்ணையில்தான். அந்தத் திண்ணையே ஆட்டம் கண்டது என்பது எங்கள் தரப்பு.

*

வேலை இன்னதென்று அறியாதவர்களுக்காகச் சில வரிகள். கடையில் வாங்கும் கிட் பெட்டிக்குள் கார் இருப்பதில்லை. பிளாஸ்டிக் சட்டங்களில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் நூறு சொச்சம் உறுப்புகள்தாம் இருக்கும். அமெரிக்கக் கம்பெனிகளின் கிட்கள் பெரும்பாலும் 1/25 அளவிலும், ஜப்பானியக் கம்பெனிகளின் கிட்கள் பெரும்பாலும் 1/24 அளவிலும் வருகின்றன. ஐரோப்பியக் கைவினைஞர்களின் மரபு 1/43 என்ற இன்னும் சிறிய அளவில் செழித்தது. காரின் மேற்கூடு பெரும்பாலும் ஒரே வார்ப்பாக இருக்கும். அச்சின் பகுதிகள் ஒன்றோடொன்று சந்தித்த இடங்களில் அதன்மீது மெல்லிய வரப்பு ஓடும். அதை உப்புத்தாளால் தேய்த்து எடுக்க வேண்டும். குழி விழுந்த இடங்களில் பட்டி வைத்து, காய்ந்ததும் மறுபடி தேய்க்க வேண்டும். பிரைமர் அடித்தால்தான் விட்டுப்போன குறைகள் கண்ணுக்குத் தெரியும். ஆகவே மறுபடி பட்டி, மறுபடி உப்புத்தாள். டிங்கரிங் பட்டறையில் அடிபட்ட காருக்கு நடக்கும் அதே வேலை, ஏறத்தாழ அதே வரிசையில்.

வண்ணம் மெல்லிய பல பூச்சுகளாக ஏற வேண்டும். அதன்மேல் நிறமற்ற பளபளப்புப் பூச்சு. அதையும் மிக மென்மையான தேய்ப்புத் துணிகளால் தண்ணீர் தொட்டுத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். ஜன்னல் விளிம்புகளில் ஓடும் குரோமியப் பட்டைகளுக்கு, பின்புறம் பசை தடவிய மிக மெல்லிய உலோகத் தாளை ஒட்டி, கூர்கத்தியால் ஓரம் சீவி எடுக்க வேண்டும். உள்ளே இருக்கைகள், தரைவிரிப்பு, மீட்டர்கள். முன்னே எஞ்சின், அதன் வயர்கள், குழாய்கள். மாலை வேளைகளில் மட்டும் செய்பவருக்கு ஒரு கார் சில மாதங்களை எடுத்துக்கொள்ளும்.

இவ்வளவும் பொறுமையின் பட்டியல்தான் என்பதை ஒப்புக்கொள்கிறோம். பொறுமை இருப்பதாலேயே ஒன்று மதிப்புக்குரியது ஆகிவிடாது. பொறுமையோடு செய்யப்படும் அபத்தங்கள் உலகில் ஏராளம். எங்கள் வாதம் பொறுமையைப் பற்றியதன்று.

*

நகல் என்ற சொல்லைக் கணக்கால் சோதிப்போம். ஒரு காரின் உடல் தகடு ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர் தடிமன் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். 1/25 அளவில் அது 0.03 மில்லிமீட்டர் ஆக வேண்டும். அவ்வளவு மெல்லியதாகப் பிளாஸ்டிக்கை வார்க்க முடியாது. கிட்டின் மேற்கூடு ஒரு மில்லிமீட்டர் என்று கொண்டாலும், அது உண்மைக் காரில் 25 மில்லிமீட்டருக்குச் சமம். ஓர் அங்குலத் தகட்டால் செய்த கார்! சக்கரத்தின் மேலுள்ள வளைவைப் பார்த்தாலே இந்தப் பொய் பல்லிளிக்கும். ஆகவே தேர்ந்த கை, கூடு முழுவதையும் மெலிக்க முயலாது. வளைவின் விளிம்பை மட்டும் உட்புறத்திலிருந்து சாய்வாகச் சீவி, பார்வைக்கு மெல்லிய தகடு போலத் தோன்றச் செய்யும். விளிம்பு மெல்லியதாகத் தெரிந்தால் முழுத் தகடும் மெல்லியது என்று கண் முடிவுகட்டிக்கொள்கிறது.

வண்ணப்பூச்சிலும் இதே சிக்கல். உண்மைக் காரின் பூச்சு மொத்தமாக 0.1 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். அதன் 25-இல் ஒரு பங்கு, கையால் அடிக்கும் எந்தப் பூச்சாலும் எட்ட முடியாத மென்மை. மாதிரியின் மீதான பூச்சு 0.04 மில்லிமீட்டர் இருந்தால், அது உண்மைக் காரின் மீது ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு வண்ணம் மெழுகியதற்கு ஒப்பாகும். கதவின் கோடுகள் தூர்ந்துபோகும், எழுத்துச் சின்னங்கள் மழுங்கும். ஆகவே வண்ணம் பூசுவதற்கு முன்பே கோடுகளைச் சற்று ஆழமாகக் கீறி வைக்க வேண்டும். எவ்வளவு ஆழம் என்பதற்கு எந்த நூலிலும் விடை கிடையாது. உலோக மினுமினுப்புள்ள வண்ணம் இன்னும் மோசம். தொழிற்சாலையில் அடித்த அதே வண்ணத்தைக் குப்பியில் வாங்கி அடித்தால், வண்ணத்தில் கலந்துள்ள உலோகத் துகள்கள் மாதிரியின்மீது சில்லறைக் காசுகளை ஒட்டிவைத்தாற்போல் தெரியும். உண்மையான வண்ணம் இங்கே பொய்யான வண்ணம். இன்னும் பொடியான துகளுள்ள வேறொரு வண்ணம்தான் மெய்யாகத் தோன்றும்.

தொலைவையும் கணக்கில் எடுக்க வேண்டும். மாதிரியைக் கையிலேந்தி 30 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்துப் பார்க்கிறோம். 1/25 அளவில் அது, உண்மைக் காரை ஏழரை மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். ஏழரை மீட்டர் தொலைவில் ஒரு கார் எதையெல்லாம் காட்டும், எதையெல்லாம் மறைக்கும்? கதவுக்கும் உடலுக்கும் இடையேயான 4 மில்லிமீட்டர் இடைவெளி தெரியும். மாதிரியில் அது 0.16 மில்லிமீட்டர், ஒரு மெல்லிய நிழற்கோடு. அந்த நிழலை உண்மையான இடைவெளி தராது. ஆழமில்லாத பள்ளத்தில் அடர்சாம்பல் மையை ஓடவிட்டு நிழலை நாமேதான் உண்டாக்க வேண்டும். கறுப்பு மை விட்டால் குழந்தை வரைந்த கோடு போலாகிவிடும். எஞ்சினின் பொறிச்செருகி வயர் 7 மில்லிமீட்டர் என்றால் மாதிரியில் 0.28 மில்லிமீட்டர். இது சாத்தியம், செய்யலாம். அந்த வயரின் மேல் அச்சிட்ட எழுத்து சாத்தியமில்லை, தேவையுமில்லை. ஏழரை மீட்டரிலிருந்து அதை யாரும் படித்ததில்லை.

ஆக, அளவைச் சுருக்கும் வேலை முழுவதும் ஓயாத தீர்மானங்களால் ஆனது. எதை விடுவது, எதைக் கூட்டுவது, எந்தப் பொய்யைச் சொன்னால் எந்த மெய் துலங்கும். உள்ளதை உள்ளபடியே சுருக்கினால் உள்ளது தெரியாது என்பதுதான் இக்கலையின் முதற்பாடம். இதை இலக்கிய வாசகர்களுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. இருவர் பேசுவதை ஒலிப்பதிவு செய்து அப்படியே தாளில் இறக்கினால் அது கதையின் உரையாடல் ஆகாது என்பதும், அறுபது வருட வாழ்க்கையைப் பத்துப் பக்கத்தில் சொல்பவர் எந்த ஒரு பிற்பகலுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குகிறார் என்பதில்தான் கதை இருக்கிறது என்பதும் அவர்கள் அறிந்தவையே. யதார்த்தவாதம் யதார்த்தத்தின் நகல் என்று சொல்பவரை எள்ளி நகையாடும் அதே நண்பர், ஒரு சாண் நீளக் காரைக் கண்டதும் அச்சொல்லையே எடுத்து வீசுவது ஏன்?

காரணம் ஒன்று தோன்றுகிறது. கருத்தால் வேலை செய்பவரையும் கையால் வேலை செய்பவரையும் இருவேறு படிகளில் நிறுத்திப் பழகிய சமூகம் நம்முடையது. தச்சர், கொல்லர், கன்னார், தட்டார் என்று ஒவ்வொரு கைத்திறனையும் பிறப்போடு கட்டிப்போட்டு, கட்டியவரே அதைத் தாழ்வாகவும் பார்த்த வரலாறு நம் முதுகில் இருக்கிறது. கை எடுக்கும் முடிவை முடிவாகவே எண்ணாத மனப்பழக்கம் அங்கிருந்து வருகிறது. சொல்லில் எடுத்தால் அது படைப்பு. உப்புத்தாளில் எடுத்தால் வெறும் பழக்கம். இந்தப் பாகுபாட்டை மேடையில் கண்டிப்பவர்கள், தங்கள் ரசனையில் அது எங்கே ஒளிந்திருக்கிறது என்றும் ஒருமுறை துழாவிப் பார்க்க வேண்டும்.

*

நகல் என்று சொன்னால் மூலம் என்று ஒன்று இருந்தாக வேண்டும். மாதிரிக் கார்களின் மூலம் எது? சாலையில் ஓடும் கார் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் காரின் மூலம் எது? 1927-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 'கலை மற்றும் நிறம்' என்ற பெயரில் ஒரு பிரிவைத் தொடங்கி, ஹார்லி ஏர்ல் என்பவரை அதற்குத் தலைவராக்கியது. காரின் வடிவத்தைக் களிமண்ணில் மாதிரியாகச் செய்து பார்த்துத் தீர்மானிக்கும் முறையை அத்தொழிலில் நிலைநாட்டியவர் அவர். முதலில் சிற்றளவில், பிறகு முழு அளவில். கணினி வந்த பின்னும் பெரிய கார் நிறுவனங்கள் பல களிமண்ணை முற்றாகக் கைவிட்டுவிடவில்லை. மூலம் என்று நண்பர் காட்டும் பொருளே ஒரு மாதிரியிலிருந்து பெருக்கப்பட்டதுதான்.

அதே நிறுவனத்தின் ஆதரவில் 1930 முதல் 1968 வரை பதின்வயதுப் பையன்களுக்காக 'ஃபிஷர் பாடி கைவினைஞர் சங்கம்' என்ற போட்டி நடந்தது. தொடக்கத்தில் போட்டியாளர்கள் செய்ய வேண்டியது நெப்போலியன் காலத்து அரச வண்டி ஒன்றின் சிற்றளவு மாதிரி. கொடுக்கப்பட்ட வரைபடத்தை நூல் பிடித்தாற்போலப் பின்பற்ற வேண்டும். 1937 முதல் இன்னொரு வகையும் சேர்ந்தது: தானே கற்பனை செய்த ஒரு காரின் மாதிரி. வென்றவர்களுக்குக் கல்லூரிப் படிப்புக்கான உதவித்தொகை கிடைத்தது. 1947-இல் வென்ற சக் ஜோர்டன் பிற்காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் துறைக்கே தலைவரானார். நகலெடுப்பதும் கற்பனை செய்வதும் இப்போட்டியில் இரண்டு பகை முகாம்களாக இருக்கவில்லை. இரண்டையும் ஒரே கூரையின் கீழ், ஒரே வகைக் கருவிகளால் பயின்றார்கள்.

இன்னொரு நிகழ்ச்சியும் சொல்லத்தக்கது. 1960களின் பிற்பகுதியில் டாம் டேனியல் என்ற வடிவமைப்பாளர் மோனோகிராம் கம்பெனிக்காக 'ரெட் பாரன்' என்ற கிட்டை உருவாக்கினார். முதல் உலகப்போர்க் கால ஜெர்மானியத் தலைக்கவசத்தைக் கூரையாகக் கொண்ட விசித்திரமான சிவப்புக் கார் அது. உலகில் அப்படியொரு கார் இருந்ததில்லை. கிட் பெரும் வரவேற்பைப் பெற்றது. பிறகு, சக் மில்லர் என்ற கார் வல்லுநர் அதைப் பார்த்து முழு அளவில் ஓர் உண்மைக் காரைக் கட்டினார். இங்கே எது மூலம், எது நகல்? ரிவெட் எண்ணுபவர் எதை எதனோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுவார்?

நேர்மாறான திசையிலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டு. ஜப்பானின் ஷிசுவோகா நகரத்துத் தாமியா கம்பெனி 1946-இல் மரவாடியாகத் தொடங்கி, மரப் பொம்மைகள் வழியாகப் பிளாஸ்டிக் கிட்களுக்கு வந்தது. அதைப் பல பத்தாண்டுகள் வழிநடத்திய சுன்சாகு தாமியா 2025 ஜூலையில் தமது 90-ஆம் வயதில் மறைந்தார். 1970களில் 1/12 அளவில் போர்ஷே 934 காரைச் செய்ய முனைந்தபோது, படங்களாலும் அளவுகளாலும் நிறைவடையாமல், அவர்கள் ஒரு போர்ஷே 911 காரையே விலைக்கு வாங்கிப் பிரித்துப் பார்த்தார்கள். 1976-இல் கிட் வெளிவந்தது. இதைத் துல்லியத்தின் மீதான வெறி என்று மட்டும் வாசிப்பது தட்டையான வாசிப்பு. பிரித்துப் பார்த்த காரை அப்படியே சுருக்க அவர்களால் முடியாது என்பது மேலே சொன்ன கணக்கிலேயே தெளிவு. எதை விடலாம் என்று முடிவு செய்யத்தான் எல்லாவற்றையும் பார்த்தார்கள். முழுதும் அறிந்தவன் விடுவதற்கும் அறியாதவன் விடுவதற்கும் உள்ள வேறுபாடு, முடிந்த பொருளில் பளிச்சென்று தெரிந்துவிடும்.

*

இரண்டாவது குற்றச்சாட்டு நுகர்வு பற்றியது. கார் என்பது முதலாளியத்தின் செல்லப் பொருள், அதைச் சிறிதாக்கி மேசையில் வைப்பது விளம்பரத்தை வழிபடுவது என்கிறார்கள். இதில் வரலாற்று உண்மை இருக்கிறது என்பதை மறைக்க நாங்கள் விரும்பவில்லை. 1948-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஏ.எம்.டி. கம்பெனி முதலில் செய்தது விளம்பர மாதிரிகளைத்தான். பெயரின் விரிவே அலுமினிய மாதிரிப் பொம்மைகள் என்பது. புதிய கார் வெளிவரும்போது விற்பனை நிலையங்களில் அதன் 1/25 அளவு மாதிரி, தொழிற்சாலை வண்ணத்திலேயே இருக்கும். கார் பார்க்க வந்த தந்தை யோசித்துக்கொண்டிருக்க, பிள்ளையின் கையில் அது போய்ச் சேரும். விற்பனைத் தந்திரம் என்பதில் ஐயமில்லை. பெண்பிள்ளைகளை இந்த உலகம் வாசலிலேயே நிறுத்தியது என்பதும் உண்மை. ஃபிஷர் போட்டி ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமேயானது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1958-இல் ஏ.எம்.டி. அதே அச்சுகளைக் கொண்டு, ஒட்டிச் செய்யும் கிட்களை வெளியிட்டது. ஒரு பெட்டியிலிருந்து மூன்று விதமாகக் கட்டலாம்: கம்பெனி விற்றபடி, பந்தயக் காராக, அல்லது விருப்பப்படி மாற்றியமைத்த காராக. அந்த மூன்றாவது வழியில்தான் விளம்பரம் தோற்றது. பையன்கள் கூரையை அறுத்துத் தாழ்த்தினார்கள். கம்பெனி பெருமையோடு ஒட்டிய குரோமியச் சின்னங்களைச் சீவி எறிந்தார்கள். ஒரு கம்பெனியின் எஞ்சினை அதன் போட்டிக் கம்பெனியின் காருக்குள் பொருத்தினார்கள். 1960களின் தொடக்கத்தில் எட் ராத் போன்ற கலகக்கார வடிவமைப்பாளர்களின் கார்களையே ரெவெல் கம்பெனி கிட்களாக விற்க நேர்ந்தது. விற்பனையாளன் பிள்ளையின் கையில் ஒரு ஆசையைக் கொடுத்தான். பிள்ளை அதனுடன் ஒரு ரம்பத்தையும் எடுத்துக்கொண்டது.

சந்தை இதையும் விழுங்கிச் செரித்துவிட்டதே என்று நண்பர் கேட்கலாம். விழுங்கியது உண்மைதான். அச்சு நூலும் சந்தையில்தான் விற்கிறது, அதற்காக வாசிப்பை நுகர்வு என்று நாம் தள்ளிவிடுவதில்லை. வாங்கிய பிறகு அப்பொருள் நம்மிடம் எதைக் கேட்கிறது என்பதே கேள்வி. சோப்புக் கட்டி எதையும் கேட்பதில்லை. நூல் கேட்கிறது. பெட்டிக்குள் நூறு துண்டுகளாகக் கிடக்கும் காரும் கேட்கிறது.

*

இனி எங்கள் சொந்த வீட்டுக்கு வருகிறோம். வெளியிலுள்ளவர்களைவிட உள்ளிருப்பவர்களே இக்கலைக்குக் கூடுதல் கேடு செய்கிறார்கள் என்பது எங்கள் எண்ணம்.

துருவை எடுத்துக்கொள்வோம். கைவிடப்பட்டுக் கொட்டகையில் கிடந்த காரைப் போல மாதிரியைச் செய்வது ஒரு பெரும் வழக்கமாகியிருக்கிறது. முறை எளிது. துருநிற அடிப்பூச்சின்மேல் ஈரம் தொட்டு உப்புத் தூளைத் தூவி, அதற்குமேல் காரின் நிறத்தை அடித்து, காய்ந்ததும் உப்பைத் தேய்த்து உதிர்த்தால் வண்ணம் பெயர்ந்து துரு வெளிப்படும். ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம். ஆகவே கூரையில் துரு, கதவு நடுவில் துரு, பானெட் முழுக்கத் துரு என்று பூசித் தள்ளுகிறார்கள். ஆனால் இரும்பு அப்படிக் கண்ட இடத்திலும் துருப்பிடிப்பதில்லை. நீர் எங்கே தேங்குகிறதோ அங்கே பிடிக்கிறது: கதவின் கீழ் விளிம்பில், பின்கண்ணாடியின் அடிவரப்பில், சேறு அப்பி ஈரம் காக்கும் சக்கர வளைவின் உதட்டில். மேலே ஒரு கொப்புளம் தெரிகிறதென்றால் உள்ளே தகடு தின்னப்பட்டுவிட்டது என்று பொருள். பல ஆண்டுகள் வெயில் பட்ட வண்ணம், வானத்தைப் பார்க்கும் பரப்புகளில் வெளுத்தும், பக்கவாட்டில் சற்றே உயிரோடும் இருக்கும். இவற்றையெல்லாம் அறிந்து மூன்றே இடங்களில் துருவை வைப்பவர், அந்தக் காரின் நாற்பதாண்டு வாழ்க்கையைச் சொல்லிவிடுகிறார். எங்கும் அள்ளிப் பூசுபவர் துரு என்ற சொல்லை மட்டும் திரும்பத் திரும்ப உச்சரிக்கிறார். கண்ணீரையும் கிழிந்த பாயையும் பக்கத்துக்குப் பக்கம் நிரப்பி வறுமையை எழுதிவிட்டதாக நம்பும் கதாசிரியரை நாம் என்ன சொல்வோமோ, அதையே இவரிடமும் சொல்ல வேண்டும்.

ரிவெட் எண்ணுபவரின் பிழையும் இதற்கு உறவுமுறைதான். அவரது அறிவைக் குறைத்து மதிப்பிடவில்லை. ஓர் ஆண்டின் கிரில் மறு ஆண்டில் எப்படி மாறியது என்பதை அவரளவுக்கு அறிந்தவர் கிடையாது. அந்த அறிவின்றி இத்துறை நிற்காது. அமெரிக்கக் கம்பெனிகள் ஆண்டுதோறும் அதே அச்சையே திருத்தி அடுத்த ஆண்டுக் காருக்குப் பயன்படுத்தியதால், பல பழைய கிட்களின் அச்சுகள் மீட்க முடியாதபடி அழிந்துபோயின. எது எந்த ஆண்டுக்குரியது என்ற நினைவைக் காப்பாற்றி வைத்திருப்பவர்களில் முதன்மையானவர் அவர்தான். ஆனால் சரிபார்ப்பையே ரசனை என்று அவர் கொண்டுவிட்டார். சக்கர மூடி தவறு என்று சொல்லும் அவர், அதற்கு மேலே வண்ணம் அரை அங்குலச் சாந்துபோல் நிற்பதைக் காண்பதில்லை. பட்டியலில் உள்ள ஒன்றைத்தான் அவரால் பார்க்க முடிகிறது. புதிதாக வருபவன் தன் முதல் மாதிரியைக் கூச்சத்தோடு காட்டும்போது, அவனுக்குப் பிழைத்திருத்தப் பட்டியலைக் கையளித்து, இரண்டாவது மாதிரியே இல்லாமல் ஆக்கிவிடுகிறார்.

அவரது கையிலிருந்து நழுவியவன் எங்கே போகிறான்? முழுதாகச் செய்து முடித்து விற்கப்படும் மாதிரியிடம் போகிறான். இன்று 1/18 அளவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்புகள் கொண்ட உலோக மாதிரிகள் தொழிற்கூடங்களில் கோக்கப்பட்டு வருகின்றன. எந்தத் தனிமனிதனின் மாலைப்பொழுதும் அவற்றோடு போட்டியிட முடியாது. அவற்றைச் செய்யும் தொழிலாளிகளின் கைத்திறன் போற்றத்தக்கது. அவர்கள் பெயர் பெட்டியில் இருப்பதில்லை என்பது வேறு வருத்தம். வாங்குபவனைப் பற்றித்தான் எங்கள் கேள்வி. விளிம்பைச் சீவுவதா, கோட்டை ஆழப்படுத்துவதா, எந்தச் சாம்பல் நிற மை என்ற தீர்மானம் எதையும் அவன் எடுப்பதில்லை. வேறெவரோ எடுத்த தீர்மானங்களின் மொத்தத்தை விலைகொடுத்து அலமாரியில் வைக்கிறான். பிசினில் வார்த்த மாதிரிகள் பெருகிய பின் அவற்றில் பலவற்றின் கதவுகளும் பானெட்டும் திறப்பதில்லை. உள்ளே எஞ்சினே கிடையாது. துல்லியம் துல்லியம் என்று ஓடிய ஓட்டம், மூடிய கதவில் வந்து நிற்கிறது. வெளித்தோற்றம் பிசகாதிருந்தால் போதும் என்ற கொள்கையின் இயல்பான முடிவு இதுதான்.

இதைவிட வருத்தம் தருவது திறக்கப்படாத பெட்டி. அச்சு நின்றுபோன பழைய கிட்களை உறை பிரிக்காமல் அடுக்கி வைத்து, விலையேற்றத்துக்குக் காத்திருக்கிறார்கள். பிரித்தால் மதிப்புக் குறையுமாம். வெட்டப்படுவதற்கென்றே வார்க்கப்பட்ட உறுப்பு, வெட்டாமலிருப்பதால் விலை பெறுகிறது. பக்கம் வெட்டாத முதற்பதிப்பைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்திருப்பவரை நாம் வாசகர் என்று அழைப்பதில்லை.

எங்களைக் கணினிக்கும் புதுக்கருவிகளுக்கும் எதிரானவர்களாக யாரும் எண்ண வேண்டாம். முப்பரிமாண அச்சுப்பொறியில் ஒரு எஞ்சினை அச்சிட்டு எடுப்பதில் எந்தக் குற்றமும் இல்லை. ஆரம் ஆரமாகக் கம்பிச் சக்கரம் கோப்பதற்கென்றே ஜெரால்ட் விங்குரோவ் என்ற ஆங்கிலேயக் கைவினைஞர் தமக்கான கருவிகளைத் தாமே செய்துகொண்டார். கருவி எப்போதும் இக்கலையின் பகுதியாகவே இருந்து வந்திருக்கிறது. அச்சுப்பொறிக்கும் எந்தத் தடிமனில் அச்சிடுவது, எதை விட்டுவிடுவது என்று ஒருவர் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்பவர் நீங்களாக இருந்தால் அந்த எஞ்சின் உங்களுடையது. ஸ்கேன் செய்த கோப்பை விலைக்கு வாங்கி, பொத்தானை அழுத்தி, வந்ததைப் பொருத்தினால், அது இன்னொரு வகை அலமாரிப் பொருள்.

*

படைப்பாளி என்ற பட்டத்தை நாங்கள் யாசிக்கவில்லை. மாதிரிக் கார் செய்வது நாவல் எழுதுவதற்கு நிகர் என்ற மிகையுரையும் எங்களுடையதன்று. ஒரு சாண் காரில் சொல்லக்கூடியது குறைவு. மனிதர் இல்லாத கலை அது. அதன் எல்லைகள் எங்களுக்குத் தெரியும். நாங்கள் கேட்பது மிகச் சிறியது: எடுக்கப்பட்ட தீர்மானங்களைப் பார்க்காமல் தீர்ப்பைச் சொல்லாதீர்கள். நகல் என்ற சொல்லை வசையாக எறிவதற்கு முன், அந்தச் சக்கர வளைவின் விளிம்பை ஒருமுறை உற்றுப் பாருங்கள். அங்கே யாரோ ஒருவர், தகடு மெல்லியதாகத் தோன்ற எவ்வளவு சீவினால் போதும் என்று, உடைந்துவிடும் அபாயத்தோடு, நிறுத்த வேண்டிய இடத்தில் கத்தியை நிறுத்தியிருக்கிறார்.

எங்கள் கூட்டத்தாரிடம் கேட்பது இன்னும் கடினமானது. செய்துகொண்டிருக்கும் காரில் எதை விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் பதில் சொல்லத் தயாராக இருங்கள். சரியாக இருக்கிறதா என்ற கேள்விக்கு முன்னால் இதைக் கேட்டுப் பழகுங்கள். புதியவனின் கோணல் காரில் ஒரே ஓர் இடத்திலாவது அவன் யோசித்திருப்பான். அந்த இடத்தைக் கண்டுபிடித்து அவனிடம் முதலில் அதைச் சொல்லுங்கள். பரணில் அடுக்கியிருக்கும் பெட்டிகளில் ஒன்றை இந்த வாரம் இறக்குங்கள். உறையைக் கிழித்து, சட்டத்திலிருந்து முதல் உறுப்பை வெட்டி எடுங்கள். சந்தையில் அதன் விலை அந்த நொடியே குறைந்துவிடும். குறையட்டும்.